மழை வந்தால் பிள்ளைக்கு ஏன் இழுப்பு வருகிறது?

மாரி மழை தொடங்கிவிட்டால் நமது ஊர்களில் இரண்டு இடங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒன்று குடை திருத்துபவரின் முன்னால். மற்றையது டிஸ்பென்சரி வாசலில். டிஸ்பென்சரி வாங்கில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் மடிகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளே இருக்கும். மூக்கு ஒழுகுதல், இருமல், காய்ச்சல், நெஞ்சில் சளி, முட்டு என வருத்தத்தின் பெயர்தான் மாறுகிறது. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "காலநிலை சரியில்லை."

காலநிலை எப்படி ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் நுழைகிறது? இதனைச் சற்று விளங்கிக்கொள்வது ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் அவசியமாகும். ஏனெனில் சுவாச நோய்களில் பெரும்பாலானவை ஒரு வாரத்தில் தாமாகவே குணமாகின்றன. ஒரு சில மட்டும் இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்தாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 740,000 பிள்ளைகள் நியூமோனியாவினால் உலகெங்கும் இறந்துள்ளனர். இவர்களில் பலர் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தால் காப்பாற்றப்பட்டிருப்பார்கள் என்பதே இதிலுள்ள வேதனையாகும்.

உம்மும்மா சொல்வது சரியா, டாக்டர் சொல்வது சரியா?

"மழையில் நனையாதே, தடிமன் பிடிக்கும்" என்பார் வீட்டிலுள்ள உம்மும்மா. "மழையால் தடிமன் வராது, வைரஸ் கிருமியால்தான் வரும்" என்பார் டாக்டர். இரண்டுக்குமிடையில் பிள்ளையின் உம்மா தடுமாறி நிற்பார்.

இங்கிலாந்திலும் இதே கேள்வி எழுந்தது. சலிஸ்பரி நகருக்கு அருகே 1946 இல் தடிமன் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. தாமாக முன்வந்த சிலரைக் குளிக்க வைத்து, ஈர உடையுடன் குளிர்காற்று வீசும் இடத்தில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். குளிர் மாத்திரம் பட்டவர்களுக்குத் தடிமன் வரவில்லை. கிருமி இல்லாமல் நோய் இல்லை என்பது தெளிவாயிற்று.

ஆனால் விடயம் அத்துடன் முடியவில்லை. 2005 இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 180 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. அவர்களில் பாதிப்பேர் இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் கால்களை வைத்திருந்தார்கள். மீதிப்பேர் வெற்றுப் பாத்திரத்தில் கால்களை வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாட்களில், கால் குளிர்ந்தவர்களிலேயே கூடுதலானோர் தடிமன் அறிகுறிகளைச் சொன்னார்கள். கிருமி ஏற்கனவே மூக்கில் தங்கியிருக்க, உடல் குளிரும்போது அது தலைதூக்க வழி பிறக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆகவே டாக்டர் சொல்வது சரி. உம்மும்மா சொல்வதும் முற்றாகப் பிழையல்ல.

இதற்குக் காரணம் நமது மூக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. உடலின் உட்பகுதி 37 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது, மூக்கின் உட்புறம் 33 பாகை அளவிலேயே இருக்கும். சாதாரண தடிமனை உண்டாக்கும் ரைனோ வைரஸ் பெருகுவதற்கு 33 பாகைதான் மிகவும் வசதி. வெளிக்காற்று குளிரும்போது மூக்கு மேலும் குளிர்கிறது. அங்குள்ள எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. தூசையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்ற மெல்லிய மயிரிழைகளின் அசைவும் மந்தமாகின்றது.

குளிர் இல்லாத நாட்டில் ஏன்?

பனி பெய்யும் நாடுகளில் இந்நோய்கள் குளிர்காலத்தில் பெருகுகின்றன. நமது நாட்டிலோ கரையோர ஊர்களில் குளிர்காலமே கிடையாது. ஆயினும் இங்கும் பருவம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கிலும் தெற்கிலும் மழையைக் கொட்டுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று வடக்கையும் கிழக்கையும் நனைக்கிறது. இவற்றிற்கிடையே ஒக்டோபர், நவம்பரில் நாடெங்கும் இடியுடன் மழை. இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலும் இங்கு ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு தடவையும், ஆண்டு முடிவை அண்டி இன்னொரு தடவையும் தலைகாட்டுவதை வைத்தியர்கள் கவனித்துள்ளார்கள்.

மழை நேரடியாகக் கிருமியைக் கொண்டுவருவதில்லை. மழை செய்வது வேறொன்று. அது நம் எல்லோரையும் ஒரே அறைக்குள் அடைத்துவிடுகிறது. யன்னல்கள் சாத்தப்படுகின்றன. முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் ஒரு பாயில் நெருங்கிப் படுக்கிறார்கள். ஒருவரின் தும்மல் எட்டுப் பேரின் மூச்சாகிறது.

குர்ஆன் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மைப் போன்றோருக்கு இது நன்கு தெரியும். மழை நாட்களில் சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டு நாற்பது பிள்ளைகளை ஒன்றாக இருத்தி ஓதவைக்கிறோம். திங்கட்கிழமை ஒரு பிள்ளை இருமினால் வியாழக்கிழமை பாதி வரிசை வெறுமையாகிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் தடிமன்தான். ஆனால் அப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தொட்டிலில் கிடக்கும் மூன்று மாதத் தம்பியைக் கொஞ்சும்போது, அதே கிருமி தம்பியின் நெஞ்சில் வேறு விதமாக வேலை செய்கிறது. எனவே சாரல் படாத பக்கத்து யன்னல்களைத் திறந்துவைப்பதும், காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளையை வரவு குறையும் என்று வற்புறுத்தி வரவழைக்காதிருப்பதும் உஸ்தாதுமாரின் பொறுப்பாகும். இது பாலர் பாடசாலைகளுக்கும் பொருந்தும்.

சின்னக் குழாயின் கணக்கு

பெரியவருக்குத் தடிமனாக முடிவது குழந்தைக்கு ஏன் மூச்சுத்திணறலாகிறது? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். வளர்ந்தவரின் மூச்சுக்குழாய் 8 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் உட்சுவர் சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்கினால், காற்றுச் செல்வதற்கான தடை ஏறத்தாழ மூன்று மடங்காகும். குழந்தையின் குழாய் 4 மில்லிமீற்றர்தான். அதே 1 மில்லிமீற்றர் வீக்கம் அங்கே தடையைப் பதினாறு மடங்காக்கிவிடும். வீக்கம் ஒன்றுதான், விளைவு வேறு.

பிறந்து சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சு விடுகிறது. மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாது. மேலும் தன் உடல் நிறையோடு ஒப்பிடும்போது சிறுபிள்ளை பெரியவரைவிடக் கூடுதலான காற்றை உள்ளிழுக்கிறது. ஆகவே காற்றில் புகையோ தூசோ இருந்தால் கூடுதலான பங்கு பிள்ளைக்கே போய்ச்சேர்கிறது.

ஆர்.எஸ்.வி. எனப்படும் ஒரு வைரஸை இங்கு குறிப்பிட வேண்டும். இரண்டு வயதாகுமுன் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் அது ஒரு தடவையாவது தொற்றிவிடுகிறது. பெரும்பாலானோருக்குச் சாதாரண தடிமன். சிலருக்கு, குறிப்பாக ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், அது நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைத்து இழுப்பை உண்டாக்குகிறது.

காற்று கொண்டுவருவது

நமது நாட்டில் காற்றும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. கிழக்கில் ஜூன், ஜூலை மாதங்களில் வீசும் கச்சான் காற்று வறண்டது, சூடானது. அறுவடைக் காலத்தில் உமித்தூசும் வைக்கோல் எரித்த புகையும் அதனுடன் சேர்கின்றன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு குளிருக்குப் பயந்து கதவை அடைத்துவிட்டு, உள்ளே விறகு எரிப்பதே பிள்ளைகளின் நெஞ்சுக்குச் சோதனையாகிறது.

2022 டிசம்பர் மாதத்தைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நின்றபோது, இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்று இலங்கையின் பக்கம் இழுத்துவரப்பட்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் பல நகரங்களிலும் வானம் பனிமூட்டம் போல் மங்கியது. டிசம்பர் 9 ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் திடீர்க் குளிரைத் தாங்க முடியாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் இறந்தன. அத்தகைய நாட்களில் சிறுபிள்ளைகளை வெளியே கொண்டுசெல்லாமல் இருப்பதே நல்லது. தொய்வுள்ள பிள்ளையின் மருந்து கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்.

வெள்ளமும் இப்படித்தான். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் பாடசாலைகளிலும் வணக்கத்தலங்களிலும் தங்க நேரிட்டது. ஈரத்தரையும் நெருக்கமும் ஒன்றாகச் சேரும் இடத்தில் தடிமன் ஒரு பிள்ளையோடு நிற்பதில்லை. வெள்ளம் வடிந்து வீடு திரும்பிய பிறகும் சுவரில் பூத்த பூஞ்சணம் வாரக்கணக்கில் நிற்கும். அதனைச் சுரண்டிக் கழுவிக் காயவைக்காமல் அவ்வறையில் குழந்தையைத் தூங்கவைக்கக்கூடாது.

வீட்டுக்குள் நாமே செய்யும் காலநிலை

வெளியில் வீசும் காற்றை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் காற்று நமது கையில் உள்ளது.

முதலாவது, குசினிப் புகை. 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது காஸ் அடுப்பு வைத்திருந்த பல வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அவற்றில் சில இன்னும் மாறவில்லை. வீட்டினுள் எரியும் விறகுப்புகை சிறுபிள்ளைக்கு நியூமோனியா வரும் ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விறகைத் தவிர்க்க முடியாவிட்டால் காய்ந்த விறகையே பாவியுங்கள். புகைபோக்கியைத் துப்புரவாக வைத்திருங்கள். சமைக்கும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள்.

இரண்டாவது, நுளம்புச் சுருள். மழைக்காலம் டெங்குக் காலமுமாகும். ஆகவே தாய்மார் அறையைச் சாத்திச் சுருளைக் கொளுத்துகிறார்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 வரையான சிகரட்டுகளின் புகைக்குச் சமம் என 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுளம்பை விரட்டப்போய் நெஞ்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நுளம்பு வலைதான் குழந்தைக்கு உகந்தது.

மூன்றாவது, சாம்பிராணி. பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது முடியும்வரை அறைக்குள் புகை பிடிப்பது நம்மவரின் பழக்கம். பிள்ளையைக் குளிப்பாட்டி அதன் தலைக்கே புகை காட்டுவதுமுண்டு. மணம் நல்லதாக இருக்கலாம். ஆனால் குழந்தையின் நுரையீரலுக்கு விறகுப்புகையும் சாம்பிராணிப்புகையும் ஒன்றுதான். இது மார்க்கக் கடமையல்ல, வெறும் ஊர்வழக்கம். விட்டுவிட்டால் குற்றமில்லை.

நான்காவது, வாப்பாமாரின் சிகரட்டும் பீடியும். வாசலில் நின்று புகைத்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் மூச்சிலும் அது வீட்டுக்குள் வருகிறது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஈரப்பதமும் கவனிக்க வேண்டியது. காற்றில் ஈரம் கூடும்போது மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் பெருகுகின்றன. தொய்வுள்ள பிள்ளைக்கு இரவில் முட்டு வருவதற்கு இவையும் ஒரு காரணம். மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில் தலையணைகளையும் விரிப்புகளையும் வெயிலில் போட்டெடுங்கள். தலையணை உறையை வாரத்துக்கு ஒரு தடவை சுடுநீரில் கழுவுங்கள்.

மூச்சை எண்ணுங்கள்

தாய்மார்களே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க இடமிருந்தால், இப்பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இருமலும் காய்ச்சலும் இருக்கும்போது, அது அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை உயர்த்தி வயிறும் நெஞ்சும் அசைவதைப் பாருங்கள். வினாடி முள்ளுள்ள கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு.

இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல்.

ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

இந்த அளவைத் தாண்டினால் நியூமோனியாவாக இருக்கக்கூடும். அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாளை பார்ப்போம் என்று விடக்கூடாது.

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்: மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது. மூக்குத் துவாரம் விரிந்து சுருங்குவது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது. உதடு நீலம் பாய்வது. பால், தண்ணீர் எதையும் குடிக்க மறுப்பது. எழுப்பினாலும் எழும்பாமல் சோர்ந்து கிடப்பது. வலிப்பு வருவது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோ, அல்லது உடல் வழமைக்கு மாறாகக் குளிர்ந்திருப்பதோ கூட ஆபத்தின் அடையாளமே. வாகனம் இல்லையென்று காத்திருக்க வேண்டியதில்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

வீட்டில் செய்யக்கூடியதும் கூடாததும்

சாதாரண தடிமனுக்கு வீட்டுப் பராமரிப்பே போதும். தாய்ப்பாலை அடிக்கடி, சிறுகச்சிறுகக் கொடுங்கள். மூக்கடைப்புக்குப் பார்மசியில் கிடைக்கும் உப்புநீர்த் துளிகளை, பால் கொடுக்கும் முன் விடலாம். வளர்ந்த பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்த இளஞ்சூட்டு நீரும் கஞ்சியும் சூப்பும் இதமானவை.

தேன் பற்றி ஒரு வார்த்தை. தேனில் நிவாரணம் உண்டென்பது நமது நம்பிக்கை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையின் இரவு இருமலைத் தேன் தணிக்கிறது என்பதை வைத்தியர்களும் ஏற்கிறார்கள். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அரிதாக அதிலுள்ள ஒரு நுண்கிருமி, குழந்தையின் முதிராத குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தையின் வாயில் தேன் தடவும் வழக்கத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். தஹ்னீக் என்ற சுன்னத்தில் பேரீச்சம்பழமே சொல்லப்பட்டிருக்கிறது. அதனைச் செய்பவருக்கும் தடிமனோ இருமலோ இருக்கக்கூடாது.

இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடையில் வாங்கும் இருமல் பாணிகள் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தை அவர்களின் மூக்கிலோ நெஞ்சிலோ பூசவேண்டாம். கொதிநீரில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், சுட்டுப் புண்ணான பிள்ளைகள் பலர். சென்ற முறை மிஞ்சிய அன்டிபயோட்டிக் போத்தலை எடுத்து இம்முறையும் கொடுப்பது பெருந்தவறு. வைரஸுக்கு அம்மருந்து வேலை செய்யாது. உண்மையாகத் தேவைப்படும் நாளில் பயனளிக்காமலும் போகலாம்.

தொய்வுள்ள பிள்ளைக்கு டாக்டர் பம்ப் எழுதிக்கொடுத்தால், "அது பழகிப்போகும், பிறகு விடமுடியாது" என்று அயலவர் சொல்வதைக் கேட்டு அலுமாரியில் பூட்டி வைக்கிறார்கள். பெண் பிள்ளையாயின், நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது என்ன சொல்வது என்றும் யோசிக்கிறார்கள். பம்ப் போதைப்பொருளல்ல. குடிக்கும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, போகவேண்டிய இடத்துக்கு நேரே போகும் வழியே அது. பெயருக்குப் பயந்து பிள்ளையின் மூச்சை அடகு வைக்கலாமா?

வருமுன் காக்க

குழந்தைக்கு முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மாத்திரம் கொடுங்கள். அதன்பின் உணவுடன் இரண்டு வருடம் வரை தொடருங்கள். இது அல்குர்ஆன் குறிப்பிடும் காலம், உலக சுகாதார நிறுவனமும் இதனையே சிபாரிசு செய்கிறது. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியை எந்தப் பால்மா டின்னிலும் வாங்க முடியாது.

தடுப்பூசிகளைத் திகதி தவறாமல் போடுங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஏற்றப்படும் ஐந்து நோய்களுக்கான ஊசியில் குக்கல் இருமலுக்கும், நியூமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கும் எதிரான மருந்து உண்டு. அது 2008 இல் நமது நாட்டில் அறிமுகமானது. ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடும் ஊசி சின்னமுத்துவைத் தடுக்கிறது. சின்னமுத்து வந்த பிள்ளையை அதனைத் தொடர்ந்து வரும் நியூமோனியாவே பெரும்பாலும் கொல்கிறது. தடிமன் சாட்டில் ஊசியைப் பின்போட முன், குடும்பநலத் தாதியிடம் கேளுங்கள். இலேசான தடிமன் தடுப்பூசிக்குத் தடையல்ல.

பிள்ளை பார்க்கப் போவது நல்ல பழக்கம். ஆனால் இருமலோடு போகாதீர்கள். போனால் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் தூக்காதீர்கள். முகத்தில் முத்தமிடாதீர்கள். தினமும் ஐவேளை வுழூச் செய்யும் சமூகம் நாம். அத்துடன், பிள்ளையின் மூக்கைத் துடைத்த பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவும் பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டால், தொட்டிலுக்குப் போகும் கிருமியில் பெரும்பங்கு வழியிலேயே நின்றுவிடும்.

அடுத்த மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கக்கூடும். அதற்குள் குசினியின் புகைபோக்கியைப் பாருங்கள். நுளம்பு வலையின் கிழிசலைத் தையுங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் விடுபட்ட கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வயதுக்கேற்ற அந்த மூன்று இலக்கங்களையும் ஒரு துண்டில் எழுதிக் கடிகாரத்தின் கீழே ஒட்டி வையுங்கள்: 60, 50, 40. நடுச்சாமத்தில் பிள்ளை இழுக்கும்போது தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.